அடுப்படித் தண்ணியைப் பழைய கக்கூஸ் குழாயில் சேர்க்கலாமா?



போன மாதம் கரிசல்காட்டுப் பக்கம், கோவில்பட்டிக்கும் விளாத்திகுளத்துக்கும் நடுவில் உள்ள ஒரு ஊரில் குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். சேமிப்பு வசூல் முடிந்து, தீர்மான நோட்டில் எழுதிக்கொண்டிருந்த நேரத்தில் ஒரு அக்கா உள்கடன் கேட்டாங்க. 15,000 ரூபாய். எதற்கு என்று பிரதிநிதி விசாரித்தார். "அடுப்படியில சிங்க் வைக்கப் போறோம். தண்ணி வெளிய போறதுக்கு இடமில்ல. பக்கத்துலயே பழைய கக்கூஸ் குழாய் போகுது. அதுல ஒரு டீ போட்டுச் சேர்த்துட்டா வேலை முடிஞ்சதுன்னு கொத்தனார் சொல்றார்" என்றாங்க.

கேட்பதற்குச் சுலபமான வழியாகத்தான் தெரிந்தது. யாரும் மறுத்துப் பேசவில்லை. ஓரமாக உட்கார்ந்திருந்த ஒரு மதினி மட்டும், "வேண்டாம்க்கா, எங்க வீட்ல பட்டது போதும்" என்றார். கூட்டம் முடிந்தும் யாரும் எழுந்து போகவில்லை. அவர் சொன்னதைத்தான் முதலில் எழுதுகிறேன். பேரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

அந்த வீட்டில் நடந்தது

அவர்கள் வீட்டுக் கழிப்பறை 2016-ல் தூய்மை பாரத இயக்கத்தின் 12,000 ரூபாய் ஊக்கத்தொகையில் கட்டியது. சிமெண்ட் உறை இறக்கிய ஒரே குழி. ஐந்து பேர் புழங்கினார்கள். ஆறு வருஷம் ஒரு தொந்தரவும் இல்லை.

அந்தக் காலத்தில் தெருக் குழாயில் குடம் வைத்துத் தூக்கி வந்த தண்ணிதான். எண்ணி எண்ணிச் செலவழிப்பார்கள். அரிசி களைந்த கழனித்தண்ணி மாட்டுத் தொட்டிக்குப் போய்விடும். ஏனம் கழுவின தண்ணி அங்கணத்திலிருந்து புறவாசல் வழியாக ஓடி, கருவேப்பிலைக் கன்றுக்கும் இரண்டு வாழைக்கும் போய்ச் சேரும். பிறகு வீட்டுக்குள் குழாய் வந்தது. மாட்டை விற்றார்கள். புறவாசலில் மகனுக்கு ஒரு அறை எடுத்தார்கள். வாழை போயிற்று. தண்ணி கூடிவிட்டது, அது போகிற வழி அடைபட்டுவிட்டது. 2022 ஆடி மாதம் குழுவில் கடன் வாங்கிச் சிங்க் வைத்து, அதையும் அங்கணத்தையும் கக்கூஸ் குழாயில் சேர்த்துவிட்டார்கள்.

ஒரு விஷயத்தை இங்கே ஒத்துக்கொள்ள வேண்டும். கடன் சரியாகச் செலவாகியிருக்கிறதா என்று பார்க்க ஆவணியில் நான்தான் அந்த வீட்டுக்குப் போனேன். குழாய் சேர்ந்திருந்த இடத்தையும் பார்த்தேன். "பணி நல்ல முறையில் முடிந்துள்ளது" என்று நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு, காப்பி குடித்துவிட்டு வந்தேன். சமூகப்பணி படித்த எனக்கு அன்றைக்கு அது தப்பு என்று தோன்றவே இல்லை.

புரட்டாசியில் அடுப்படியில் ஒரு வாடை வந்திருக்கிறது. எலி செத்துக் கிடக்கிறதோ என்று அரிசிப் பானை, தானிய டிரம் எல்லாவற்றையும் நகர்த்தித் தேடியிருக்கிறார்கள். பிறகு சிங்கில் தண்ணி மெதுவாக இறங்க ஆரம்பித்தது. இறங்கும்போது குளுக் குளுக் என்று சத்தம். ஐப்பசியில் நாலு நாள் விடாமல் மழை. ஒரு சாயங்காலம் யாரோ கழிப்பறைக்குப் போய்த் தண்ணி ஊற்றியிருக்கிறார்கள். ஊற்றின தண்ணி கழிப்பறையில் நிற்கவில்லை. அடுப்படி அங்கணத்து ஓட்டை வழியாகப் பொங்கி வந்துவிட்டது. கழிப்பறை மூணு படி உயரத்தில், அடுப்படி கீழே. தண்ணி தாழ்ந்த இடத்தைத் தேடித்தானே வரும்? அந்த நேரம் பேத்தி அடுப்படித் தரையில் தவழ்ந்துகொண்டிருந்தாள்.

"பத்து நாள் அந்தத் தரையில நான் சோறாக்கல. எத்தனை தடவை கழுவினாலும் மனசு ஒப்பல" என்றார் மதினி. பேத்திக்கு வயிற்றுப்போக்கு வந்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். இதனால்தான் வந்தது என்று நான் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் மலத்தண்ணி பட்ட தரையில் கை வைத்து, அந்தக் கையை வாயில் வைக்கிற பிள்ளைக்கு வயிறு கெடும் என்பது நமக்குத் தெரிந்ததுதான்.

ஒரு குழி எவ்வளவு தண்ணி குடிக்கும்?

இது தொட்டி இல்லை. இதைத்தான் முதலில் புரிந்துகொள்ள வேண்டும். கக்கூஸ் குழியின் அடியும் பக்கமும் பூசாமல் விடுவது, தண்ணி மண்ணுக்குள் இறங்குவதற்காக. மலம் மட்டும் தங்கி மட்கும். குழிக்குள் போகிற தண்ணி, மண் குடிக்கிற தண்ணியைவிடக் கூடிவிட்டால் நிரம்பத்தான் செய்யும்.

கூட்டத்தில் சுண்ணாம்புக் கட்டியால் தரையில் எழுதிக் கணக்குப் போட்டோம். நீங்களும் உங்கள் குழுவில் போட்டுப் பாருங்க.

ஒரு மீட்டர் அகலமான வட்டக் குழி. அதில் ஒரு மீட்டர் உயரத்துக்குத் தண்ணி நிற்கிறது என்று வையுங்கள். தண்ணி கசிகிற பக்கச் சுவர் சுமார் 3 சதுர மீட்டர் வரும். ஒரு சதுர மீட்டர் வழியாக ஒரு நாளைக்கு மணல் மண் சுமார் 50 லிட்டர் குடிக்கும். மணல் கலந்த வண்டல் என்றால் 30 லிட்டர். களிமண் என்றால் வெறும் 10 லிட்டர். நம்ம கரிசல் களிமண் வகைதான். ஆக, கரிசலில் அந்தக் குழி ஒரு நாளைக்கு 30 லிட்டர்தான் இழுக்கும்.

கழிப்பறையிலிருந்து ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 10 லிட்டர் போகிறது. ஐந்து பேருக்கு 50 லிட்டர். அதற்கே கரிசலில் குழி திணறும். அதனால்தான் கரிசலில் குழியைப் பெரிதாக எடுத்து, சுற்றிலும் ஒரு அடி அகலத்துக்குச் செங்கல் ஜல்லியோ சரளையோ போடச் சொல்லுவது. இப்போது அடுப்படிக்கு வாங்க. அந்த மதினி எண்ணிச் சொன்ன கணக்கு, ஏனம் கழுவ, அரிசி களைய, காய்கறி அலச என்று ஒரு நாளைக்கு 8 குடம். குடத்துக்கு 15 லிட்டர் என்றால் 120 லிட்டர். குளிக்கிற தண்ணியும் துணி துவைக்கிற தண்ணியும் இதில் சேரவில்லை.

30 லிட்டர் குடிக்கிற குழிக்குள் 170 லிட்டர் ஊற்றினால் என்ன ஆகும்? கணக்கு எழுதின பிள்ளை பத்தாவது படிக்கிறாள். அவளே சிரித்துவிட்டாள்.

உறைக் குழியில் இன்னொரு குறை இருக்கிறது. ஓட்டை இல்லாத உறையை அடுக்கினால், பக்கத்தில் கசிய வழியே கிடையாது. இடுக்கிலும் அடியிலும்தான் இறங்கணும். அந்த வழியையும் அடுப்படித் தண்ணி அடைத்துவிடும். சோற்றுக் கஞ்சி, எண்ணெய், கறிக் கொழுப்பு, மீன் செதில், சோப்பு எல்லாம் சேர்ந்து மண்ணின் கண்களில் பசை மாதிரி ஒட்டிக்கொள்ளும். பிறகு மணல் மண்ணாக இருந்தாலும் பழையபடி குடிக்காது.

இரட்டைக் குழி வைத்திருப்பவர்களுக்கும் இது பொருந்தும். ஒரு குழி நிரம்பியதும் அதை அடைத்துவிட்டு மற்றதற்கு மாற்றி, இரண்டு வருஷம் ஆறப்போட்டால் மலம் வாடையில்லாத எருவாகும். அடுப்படித் தண்ணி சேர்ந்தால் இரண்டாவது குழி சில மாதத்திலேயே தண்ணியால் நிரம்பி நிற்கும். முதல் குழி எருவாவதற்கு முன்பே அதைத் திறக்க வேண்டி வரும். இரட்டைக் குழி கட்டினதே வீணாகிவிடும்.

எலி செத்த வாடை எப்படி வந்தது?

கழிப்பறைக் கோப்பைக்கு அடியில் வளைந்த பாகத்தில் எப்போதும் கொஞ்சம் தண்ணி நிற்கும். அந்தத் தண்ணிதான் குழிக்கு மூடி. குழியில் உண்டாகிற காற்று அதைத் தாண்டி மேலே வராது. சிங்கிலிருந்து வருகிற குழாயில் அந்த வளைவு கிடையாது. அதைக் கொண்டுபோய், வளைவைத் தாண்டி, குழிக்குப் போகிற குழாயில் சேர்க்கிறோம். குழிக் காற்றுக்கு அடுப்படியில் ஒரு சன்னல் திறந்து வைத்த மாதிரிதான். இன்னொன்றும் நடக்கும். சிங்கில் மொத்தமாகத் தண்ணி கொட்டும்போது குழாய்க்குள் காற்று இழுபட்டு, கோப்பைக்கு அடியில் நிற்கிற தண்ணியையும் உறிஞ்சிவிடலாம். அப்புறம் கழிப்பறையிலும் வாடைதான்.

"நகானி ட்ராப் போட்டுட்டா சரியாப் போகுமே" என்று கொத்தனார்கள் சொல்லுவார்கள். வாடைக்கு அது சரிதான், போடவும் வேண்டும். ஆனால் குழி நிரம்பினால் பொங்கி வருகிற தண்ணியை அது தடுக்காது. கொத்தனார்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. நாம் "சீக்கிரம் முடிங்க, செலவு கூடக் கூடாது" என்று சொன்னால் அவர்கள் அதற்கு ஏற்ற வழியைத்தான் காட்டுவார்கள்.

செப்டிக் டேங்க் இருக்கிற வீடு

"எங்க வீட்ல குழி இல்ல, செப்டிக் டேங்க்" என்று சிலர் சொன்னார்கள். முதலில் அது நிஜமாகவே செப்டிக் டேங்க்தானா என்று பாருங்க. உறைக் குழியையும் நம் ஊரில் செப்டிக் டேங்க் என்றுதான் சொல்கிறோம். செப்டிக் டேங்க் என்றால் அடி, பக்கம் எல்லாம் பூசியிருக்கும். உள்ளே தடுப்புச் சுவர் இருக்கும். வெளியேறுகிற தண்ணிக்குத் தனியாக உறிஞ்சு குழி இருக்கும்.

அடுப்படித் தண்ணியும் வரும் என்று முதலிலேயே கணக்கிட்டுப் பெரிதாகக் கட்டியிருந்தால் சேர்க்கலாம். அப்போதும் நடுவில் கொழுப்பைப் பிடிக்கிற சின்னத் தொட்டி ஒன்று வேண்டும். கழிப்பறைக்கு மட்டும் என்று கட்டின சின்ன டேங்கில் சேர்த்தால், மலம் படிவதற்குள் தண்ணி அதைக் கலக்கி வெளியே தள்ளிவிடும். டேங்கில் தண்ணி ஒரு நாளாவது அசையாமல் நிற்க வேண்டும். கலங்கின தண்ணி தெருச் சாக்கடையில் ஓடினால், நாம் மட்டும் அல்ல, தெருவே நாறும். பிளீச்சிங் பவுடர், ஆசிட் எதையும் அளவு இல்லாமல் ஊற்றாதீங்க. மலத்தை மட்க வைக்கிற நுண்ணுயிர்கள் செத்துவிடும்.

குழிக்குள் யாரையும் இறக்காதீங்க

மதினி வீட்டுக் கதையில் ஒரு பாகத்தை இன்னும் சொல்லவில்லை. பொங்கின மறுநாள் காலையில் வீட்டுக்காரர் இரண்டு பேரைக் கூட்டி வந்திருக்கிறார். ஆளுக்கு 700 ரூபாய். மூடியைத் திறந்து, ஒருவர் சட்டையைக் கழற்றி இறங்கத் தயாராகிவிட்டார். அந்த வழியாகக் குளத்துக்குப் போன குழு ஊக்குநர் அக்கா பார்த்துவிட்டார். மூடியைப் பக்கத்தில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டு, "என்னைத் தாண்டி இறங்குங்க பார்ப்போம்" என்று சொல்லியிருக்கிறார். வீட்டுக்காரருக்கு ஒரே கோபம். "உன் மகனை இறக்குவியா?" என்று ஒரு கேள்விதான் கேட்டாராம். அந்த இரண்டு பேருக்கும் குழுவிலிருந்தே ஒரு நாள் கூலி கொடுத்து அனுப்பினார்கள். மறுநாள் டவுனிலிருந்து உறிஞ்சுகிற வண்டி வந்தது.

அடைபட்ட குழியில் ஹைட்ரஜன் சல்பைடு என்ற விஷக்காற்று இருக்கும். முதலில் அழுகின முட்டை வாடை வரும். காற்று அதிகமாக இருந்தால் மூக்கு மரத்துப்போய் வாடையே தெரியாது. வாடை இல்லை, பயமில்லை என்று நினைத்து இறங்கியவர்களும், அவர்களைத் தூக்கப் போனவர்களும் செத்திருக்கிறார்கள். மீத்தேன் என்ற காற்றும் இருக்கும். அது தீப்பிடிக்கும். மூடியைத் திறக்கிற இடத்தில் பீடி, தீக்குச்சி, விளக்கு எதுவும் கூடாது.

2013-ல் வந்த சட்டப்படி, பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் ஆளை இறக்கிச் செப்டிக் டேங்க் சுத்தம் செய்ய வைத்தால் முதல் தடவையே இரண்டு வருஷம் வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மட்காத மலத்தைக் கையால் அள்ள வைப்பதும் இதே சட்டத்தில் குற்றம். சாக்கடையில் இறங்கி இறப்பவரின் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் சொன்னது.

அப்ப அந்தத் தண்ணி எங்கே போகும்?

புறவாசலில் பத்தடி இடம் இருந்தால் பழைய வழியே நல்ல வழி. பாத்திக்கு விடுங்க. வாழை, பப்பாளி, கல்வாழை, சேம்பு இவை நன்றாகக் குடிக்கும். கரிசலில் உறிஞ்சு குழியைவிடப் பாத்தி நல்லது என்பது என் அனுபவம். இலை வழியாகவும் வெயிலிலும் தண்ணி போய்விடும், மண்ணை மட்டும் நம்ப வேண்டியதில்லை. இரண்டு பாத்தி போட்டு, வாரத்துக்கு ஒன்றாக மாற்றி விட்டால் மண்ணுக்கும் மூச்சு விட நேரம் கிடைக்கும். பச்சையாகத் தின்கிற கீரை, கொத்தமல்லிக்கு இந்தத் தண்ணியை விடாதீங்க. வாரக்கணக்கில் தேங்கவும் விடாதீங்க, கொசு வரும்.

மணலோ சரளையோ உள்ள ஊரில் உறிஞ்சு குழி போடலாம். நீளம், அகலம், ஆழம் ஒரு மீட்டர். அடியில் பெரிய கல், நடுவில் அதைவிடச் சின்னது, மேலே சின்னக் கல். அதன்மேல் அடியில் ஓட்டை போட்ட பழைய மண்பானை. பானைக்குள் தேங்காய் நார். தண்ணி பானையில் விழுந்து, கசடு நாரில் நின்று, பிறகு கல்லுக்கு இறங்க வேண்டும். கல்மேல் பனையோலையோ பழைய சாக்கோ விரித்து மண் மூடுங்க. நாரை வாரம் ஒருமுறை எடுத்து அலசணும். அலசாமல் விட்டால் குழி அடைந்துவிடும், அதைச் செய்ய வீட்டில் ஒருவர் பொறுப்பு எடுத்துக்கணும். குடிதண்ணிக் கிணறோ அடிபம்போ இருந்தால் 10 மீட்டராவது தள்ளி எடுங்க. வீட்டுச் சுவரை ஒட்டி வேண்டவே வேண்டாம். கரிசல் தண்ணி குடித்தால் உப்பும், காய்ந்தால் வெடிக்கும். சுவர் கீறிவிடும்.

எண்ணெய்ச் சட்டியைக் கழுவுவதற்கு முன்னால் பழைய பேப்பரால் துடைத்துப் போடுங்க. சோற்றுப் பருக்கை, மீன் கழிவு எதையும் ஓட்டையில் தள்ளாதீங்க. பாதி அடைப்பு இதிலேயே குறையும்.

புதுக் கழிப்பறை கட்டிவிட்டு, பழைய குழி சும்மா கிடக்கிற வீட்டுக்காரர்கள் "அதுலயாவது விடலாமா?" என்று கேட்டார்கள். நல்ல கேள்வி. இரண்டு வருஷம் முழுக்கப் புழங்காமல், தண்ணி இறங்காமல், உள்ளே இருப்பது காய்ந்த மண் மாதிரி ஆகியிருந்தால், எருவை எடுத்துவிட்டுக் கல் நிரப்பி உறிஞ்சு குழியாக்கலாம். கிணற்றுத் தூரமும் சுவர்த் தூரமும் சரியாக இருக்க வேண்டும். மூடி வெடித்திருந்தால் அதன்மேல் காலே வைக்காதீங்க.

இடமே இல்லாத வீடுகளுக்கு என்ன வழி? அந்த அக்கா வீடும் அப்படித்தான். தனியாக ஒரு வீடு இதற்கு வழி காண முடியாது. நாலைந்து வீடு சேர்ந்து, தெருவில் பொது உறிஞ்சு குழியோ மூடின வாய்க்காலோ கேட்க வேண்டும். தூய்மை பாரத இயக்கத்தின் 2020-ல் தொடங்கிய இரண்டாம் கட்டத்தில் கழிவுநீர் மேலாண்மையும் சேர்க்கப்பட்டது. நூறு நாள் வேலையிலும் முன்பு பல ஊராட்சிகளில் உறிஞ்சு குழி வெட்டினார்கள். இப்போது எந்த நிதியில் செய்யலாம் என்று ஊராட்சிச் செயலரிடம் கேளுங்க. வாயால் கேட்டு விட்டுவிடாமல் குழுத் தீர்மானமாக எழுதி, கிராம சபையில் கொடுத்து, தீர்மானப் புத்தகத்தில் ஏறியதா என்று பாருங்க.

ஏற்கெனவே சேர்த்துவிட்டவர்கள்

வாடையோ குளுக் சத்தமோ வரும் வரை காத்திருக்க வேண்டாம். சேர்ந்த இடத்தில் குழாயை வெட்டி, கக்கூஸ் பக்கம் எண்ட் கேப் போட்டுப் பசை வைத்து அடைத்துவிடுங்க. சிமெண்ட் பையைச் சுருட்டி வைத்தால் நிற்காது. அடுப்படிப் பக்கத்துக் குழாயைப் பாத்திக்குத் திருப்புங்க. மதினி வீட்டில் முதலில் வண்டி வைத்து உறிஞ்சினார்கள், குழாயைப் பிரிக்கவில்லை. எட்டே நாளில் குழி மறுபடி நிரம்பிவிட்டது. பிரித்த பிறகுதான் அடங்கியது.

15,000 ரூபாய் கேட்ட அக்காவுக்கு அன்றைக்குக் கடன் மறுக்கவில்லை, தள்ளி வைத்திருக்கிறோம். அவர் வீட்டுக்கும் அடுத்த மூணு வீட்டுக்கும் ஒரு நாளைக்கு எத்தனை குடம் தண்ணி வெளியேறுகிறது, தெரு முனையில் உள்ள காலி இடம் எத்தனை அடி, அங்கிருந்து அடிபம்பு எவ்வளவு தூரம் என்று அளந்து கொண்டுவர வேண்டும். டேப் என்னிடம் இருக்கிறது. அடுத்த செவ்வாய்க்கிழமை அளக்கும்போது நானும் கூட நிற்பதாகச் சொல்லியிருக்கிறேன். இந்தத் தடவை காப்பி அளந்து முடித்த பிறகுதான்.